செம்பனைக்காட்டுக்குள்ள பழைய மாட்டுப்பட்டி மேட்டைக் கண்டுபிடிச்சு எழுதி வைக்கிறது எப்படி

மலேசியாவுல, கெடா மாநிலத்துல பீடோங், சுங்கை லாலாங், செமெலிங் பக்கம் இருக்கிறவங்களை மனசுல வச்சுத்தான் எழுதுறேன், ஆனா எந்தத் தோட்டத்து டவுன்ல இருந்தாலும் இதே வழிதான். லயம், அதாவது தோட்டத்து ஆளுங்க குடியிருந்த வரிசை வீடு, இருந்த காலத்துல நம்ம ஆளுங்க கட்டின மாட்டுப்பட்டி, அதச் சுத்திப் போட்ட மண்வரப்பு, மாடு போயி இளங்கன்னைக் கடிச்சிடக்கூடாதுன்னு தோட்டம் வெட்டின பள்ளம், கறிகாய் போட்ட பாத்தி, இதெல்லாம் லயத்தை உடைச்சு ஆளுங்கள டவுனுக்கு அனுப்புன பிறகும் மண்ணுல கெடக்கு. பலகை கரையானுக்குப் போயிடும், தகரத்த அன்னைக்கே கழட்டிட்டுப் போயிடுவாங்க, மண்ணுமேடு மட்டும் அரை அடி ஒரு அடி ஒசரத்துல நிக்கும். பழைய செம்பனைய சாச்சுட்டு புதுசா நடற ரீபிளான்டிங்குக்கு ஜேசிபி வந்தா ஒரே காலையில அதுவும் போயிடும். அதனால பாக்குறதுன்னா இப்பவே பாக்கணும்.

"போயும் போயும் மாட்டுப்பட்டியா?"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு விசயம் சொல்லிடறேன். இங்கிலாந்துல இந்த மாதிரி மண்மேட்டுக்கெல்லாம் சட்டமே இருக்கு. 1882லயே முதல் சட்டம் வந்துடுச்சு, இப்ப நடப்புல இருக்கிறது 1979ல போட்டது, அந்தப் பட்டியல்ல ஏறுன இடம் கிட்டத்தட்ட 20,000, கோட்டை கொத்தளம் மட்டும் இல்ல, யாரோ ஒரு குடியானவன் ஆடு மாடு அடைக்க வளைச்சுப் போட்ட வரப்பும் அதுல இருக்கு. டார்ட்மூர்ல கிரிம்ஸ்பவுண்ட்னு ஒரு இடம், மூவாயிரம் வருசத்துக்கு மேல ஆன கல்வளைவு, உள்ள 24 வட்டக் குடிசையோட அடித்தளம் இன்னும் தெரியுது, அங்க ஆளும் மாடும் ஒண்ணாவே இருந்திருக்காங்க. லிங்கன்ஷயர்ல கெயின்ஸ்தோர்ப்னு இன்னொண்ணு, ஆளு விட்டுப்போன பழைய கிராமம், தரையில நின்னு பாத்தா சும்மா புல்லு முளைச்ச மேடு பள்ளம்தான், 1925ல கிராஃபோர்ட்ங்கற தொல்லியல்காரரு விமானத்துல இருந்து எடுத்த படத்துல வீட்டு மனை, தெரு, கொட்டகை, வரப்புன்னு மொத்த ஊரும் கோடு போட்ட மாதிரி தெரிஞ்சுது.

அங்க பட்டியல்ல ஏறிடுச்சுன்னா வேலி போட்டு டிக்கெட் விக்கறாங்கன்னு நெனைச்சுக்காதீங்க. பெரும்பாலான இடம் இன்னமும் யாரோ ஒருத்தரோட சொந்த நிலம், நீங்க நானு உரிமையோட உள்ள போயிட முடியாது, ஆடு பாட்டுக்கு மேயும். ஆனா புதுசா வேலிக்கால் நட குழி தோண்டணும்னாகூட முதல்ல அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கணும், லைசென்ஸ் இல்லாம மெட்டல் டிடெக்டர் தூக்கிட்டு உள்ள போனா அதுவே குற்றம். மழை காலத்துல மாடு நின்னு மிதிச்சா சேறாகி வரப்பு கரையுது, ஆடு லேசா மேஞ்சா புல்லு பிடிச்சு மண்ணு நிக்குது, அதனால ஆட்டை விடுங்க, தீவனத் தொட்டிய மேட்டு மேல வைக்காதீங்கன்னு விவசாயிக்கு சொல்லிக் குடுக்கறாங்க. மேட்டைக் காப்பாத்துறதுங்கறது அங்க இந்த மாதிரி சின்னச் சின்ன வேலைதான்.

நம்ம கதை என்னன்னு தெரியும். சுங்கை பத்துல செம்பனை மரத்துக்கு நடுவுல மேடு மேடா இருந்ததத்தான் 2009ல யூஎஸ்எம் பல்கலைக்கழகத்து ஆளுங்க தோண்டி இரும்பு உருக்கின உலையெல்லாம் வெளிய எடுத்தாங்க. அந்த மேட்டு மேல எத்தனை வருசம் எத்தனை பேரு குலை வெட்டி லோரி ஏத்தியிருப்பாங்க. அதே வட்டாரத்துல 11வது சண்டி, சண்டின்னா பழங்காலக் கோயில் இடிபாடு, வீட்டு மனைக்காக நிலத்தைச் சுத்தம் பண்ணுறப்ப இடிஞ்சு போச்சு, 2013 டிசம்பர்ல விசயம் வெளிய வந்து பெரிய சத்தம் ஆச்சு, அந்த இடம் கெஜட் ஆகல, அதாவது பாதுகாக்கப்பட்ட இடமா அரசாங்கம் அறிவிக்கலங்கறதுதான் கடைசில வந்து நின்ன பேச்சு. கோயிலுக்கே அந்த கதின்னா மாட்டுப்பட்டிக்கு யாரு வருவா, நாமதான் போகணும்.

போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சட்டம், என் சட்டம்னு வச்சுக்கோங்க: சங்கோல் (மண்வெட்டி), பாராங் (வெட்டுக்கத்தி), கம்பி எதையும் மண்ணுக்குள்ள விடாதீங்க. குத்திப் பாக்கலாமே, ஓரத்துல லேசா சுரண்டலாமேன்னு கை பரபரக்கும். மண்ணோட அடுக்குலதான் வயசு இருக்கு, ஒரு தடவ கலைச்சுட்டா அப்புறம் எந்த ப்ரொபஸர் வந்தாலும் அத அடுக்க முடியாது. நம்ம நாட்டுலயும் லைசென்ஸ் இல்லாம அகழாய்வு பண்ணக்கூடாது, 2005ஆம் வருச தேசிய பாரம்பரியச் சட்டம், ஆக்டா 645, அதுல இருக்கு. நம்ம வேலை பாக்குறது, அளக்குறது, வரையுறது, கேட்டு எழுதுறது, அவ்வளவுதான், அதுலயே நெறைய கிடைக்கும்.

முதல்ல அனுமதி. தோட்டம்னா தனியார் நிலம், நம்ம தாத்தா அங்க பொறந்தாரு நம்ம பாட்டி அங்க பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டினாங்கங்கறதெல்லாம் செக்குரிட்டிகிட்ட செல்லாது. ஆபீஸ்ல போயி மனேஜர் இல்லன்னா பெரிய கிராணிகிட்ட (தலைமை குமாஸ்தாகிட்ட), பழைய லயம் இருந்த இடத்தப் பாத்து படம் எடுக்கணும், எதையும் தோண்ட மாட்டோம்னு ஒரு லெட்டர் குடுங்க, பெரும்பாலும் சரின்னுடுவாங்க. அப்படியே அவங்க சுவத்துல மாட்டியிருக்கிற பீல்டு மேப்பையும் ஒரு பார்வை பாத்துடுங்க, எந்த பிளாக்கு எந்த வருசம் நட்டதுன்னு அதுல இருக்கும், இது பின்னாடி ரொம்ப உதவும். குலை வெட்டுற அன்னைக்கு அந்த பிளாக்குக்குப் போகாதீங்க, இருபது கிலோ குலை தலையில விழுந்தா வரலாறு நம்மளத்தான் எழுதும். ரெண்டு பேருக்குக் குறையாம போங்க, நீட்டு பூட்ஸ் போடுங்க, ஓலை அடுக்குல நாகம் படுத்திருக்கும், கால்வாய்த் தண்ணியில கை வைக்காதீங்க, எலிக்காய்ச்சல் வரும்.

எப்பப் போறதுங்கறதுலதான் பாதி வெற்றி. மதியம் பன்னெண்டு மணிக்குப் போனா ஒண்ணும் தெரியாது, வெயிலு நேரா மேல இருந்து அடிச்சா அரையடி மேட்டுக்கு நிழலே இருக்காது. காலையில ஏழரையில இருந்து எட்டரை, இல்ல சாயங்காலம் ஆறரை வாக்குல போங்க, சூரியன் தாழ்ந்து பக்கவாட்டுல அடிக்கும், கண்ணுக்கே படாத வரப்பெல்லாம் நிழலு கட்டி எழுந்து நிக்கும். இங்கிலாந்துல இதுக்குன்னே குளிர்காலத்துல போறாங்க, அப்ப பகல் முழுக்க சூரியன் தாழ்வாத்தான் இருக்கும், நமக்கு காலை மாலைதான். இதைவிட நல்ல சமயம் ஒண்ணு இருக்கு, மரத்த சாச்சுட்டு புதுசா நடறதுக்கு இடையில வர்ற அந்தக் கொஞ்ச நாள். செம்பனைய ஒரு இருபத்தஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ மாத்துவாங்க, அப்பத்தான் மொத்த தரையும் வெறிச்சோன்னு தெரியும். ஆனா மண்ண மூட படர்ற மூடுகொடி போட்டுடுவாங்க, அது சில மாசத்துல எல்லாத்தையும் போர்த்திடும், பிறகு நீங்க பச்சை மெத்தையத்தான் படம் எடுக்கணும். மரம் சாயப்போகுதுன்னு காதுல விழுந்தா உடனே கிளம்புங்க.

போறதுக்கு முன்னாடி வீட்டுலயே கூகிள் எர்த்த தொறந்து பழைய வருசத்துப் படத்தையெல்லாம் ஒவ்வொண்ணா பின்னால தள்ளிப் பாருங்க. மரம் நடாத வருசத்துப் படம் ஒண்ணு மாட்டினா போதும், கோடு தெரியும். இங்கிலாந்துல லேசர் அடிச்சு எடுத்த நில ஒசர மேப்பையே யாரு வேணும்னாலும் சும்மா டவுன்லோட் பண்ணலாம், மரம் புதரையெல்லாம் நீக்கிட்டு தரைய மட்டும் காட்டும். நமக்கு அந்த வசதி இல்ல, கண்ணும் காலும்தான் லேசர்.

உள்ள போனதும் முதல்ல எது பட்டி இல்லைங்கறதக் கழிக்கணும். நெரைக்கு நடுவுல வெட்டிப் போட்ட ஓலை மக்கி நீளமா மேடு கட்டும், அது நேரா மரத்து வரிசையோடயே போகும், மிதிச்சா பஞ்சு மாதிரி அமுங்கும், அத விட்டுடுங்க. சாச்ச மரத்த சீவி வரிசையா குவிச்சதும் அதே மாதிரி ஏமாத்தும். கால்வாய் தூர்வாரி ஒரு பக்கம் மட்டும் அள்ளிக் கொட்டின மண்ணும் வரப்பு மாதிரியே இருக்கும், ஆனா கால்வாயோட சேந்துதான் ஓடும், வளைஞ்சு வந்து மூடாது. குன்னுல இருக்கிற படிக்கட்டு மேடு, மரம் நட வெட்டினது, அதுவும் இல்ல. கரையான் புத்து தனியா நிக்கும், அதுக்கு யாராவது மஞ்ச துணி கட்டியிருந்தா தள்ளி நின்னே படம் எடுங்க, அது வேற டிபார்ட்மென்ட்டு.

இதெல்லாம் கழிச்ச பிறகு, மரத்து வரிசைய மதிக்காம குறுக்கால போற ஒரு மேடு, எங்கயோ வளைஞ்சு திரும்பி வந்து தன்னையே தொடப் பாக்குற ஒரு மேடு இருக்குன்னா அதுகிட்ட நில்லுங்க. இப்பத்தான் வேலை ஆரம்பம்.

முதல் கேள்வி, மண்ணு எங்கிருந்து வந்துச்சு? வரப்பு போட பக்கத்துலயே பள்ளம் வெட்டித்தான் மண்ணெடுத்திருப்பாங்க, அந்தப் பள்ளம் உள்பக்கமா வெளிப்பக்கமா பாருங்க. பள்ளம் வெளிய வரப்பு உள்ளன்னா பெரும்பாலும் வெளிய இருந்து வர்றத தடுக்க. பள்ளம் உள்ள வரப்பு வெளியன்னா உள்ள இருக்கிறது தாண்டிப் போகாம இருக்க. இங்கிலாந்துல பிரபுக்கள் மான் அடைச்சு வச்ச தோப்புக்கெல்லாம் உள்பக்கம்தான் பள்ளம், மான் பள்ளத்துல எறங்கி மேட்டைத் தாவ முடியாது. நம்ம தோட்டத்துலயும் இதே கேள்வியக் கேளுங்க, மாட்டை உள்ள வைக்கப் போட்டதா இல்ல மாடு இளங்கன்னு பக்கம் வராம இருக்க தோட்டம் போட்டதா, ரெண்டுக்கும் பின்னால ரெண்டு வேற ஆளு, ரெண்டு வேற கோவம். அந்தக் காலத்துல மாடு விசயத்துல துரைக்கும் லயத்துக்கும் நடந்த சண்டைய வயசானவங்களக் கேளுங்க, மணிக்கணக்கா சொல்லுவாங்க.

ரெண்டாவது வாசல். வரப்புல இடைவெளி இருந்தா அது ஆரம்பத்துல விட்ட வாசலா, பிறகு யாராவது உடைச்சதான்னு பாக்கணும். ஆரம்பத்து வாசல்னா பள்ளமும் அந்த இடத்துல நின்னுடும், வெட்டாத மண்ணு பாலம் மாதிரி இருக்கும், வரப்போட ரெண்டு நுனியும் உருண்டு தேஞ்சு இருக்கும். பிறகு டிராக்டருக்கு உடைச்சதுன்னா பள்ளம் ரெண்டு பக்கமும் தெரிஞ்சுகிட்டே வந்து நடுவுல மட்டும் நெரப்பியிருக்கும், நுனி வெட்டின மாதிரி செங்குத்தா நிக்கும், உடைச்ச மண்ணு பக்கத்துலயே கெடக்கும். மாடு போன வாசல்னா நடுவுல குழிஞ்சு இருக்கும், தெனம் ரெண்டு நேரம் குளம்பு பட்ட இடம்.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, எது எத வெட்டுதுன்னு பாக்குறது. கால்வாய் வந்து வரப்ப அறுத்துட்டுப் போகுதுன்னா வரப்பு மூத்தது, கால்வாய் இளையது. தோட்டத்து ரோடு நேரா வந்துட்டு ஒரு இடத்துல காரணமே இல்லாம வளையுதுன்னா, ரோடு போட்டப்ப அங்க ஏதோ ஒண்ணு இருந்திருக்கு. செம்பனை வரிசை வரப்பு மேலயே ஏறி நட்டிருக்குன்னா மரத்துக்கு முந்தினது வரப்பு. இப்ப பிளாக்கு முனையில இருக்கிற அந்த சின்ன போர்டப் பாருங்க, வெள்ளை பெயின்ட் உரிஞ்சு பாசி பிடிச்சு நிக்கும், மேல பிளாக்கு நம்பரு, கீழ எக்டரு, நடுவுல நட்ட வருசம். 1999ன்னு இருந்தா உங்க வரப்பு 1999க்கு முன்னாடி போட்டது, அதுல சந்தேகமே வேண்டாம். அதுக்கு முந்தின தலைமுறை பால் மரமா செம்பனையான்னு ஆபீஸ் மேப்புலயோ பழைய ஆளுங்ககிட்டயோ கேட்டா இன்னும் ஒரு படி பின்னால போகலாம். இப்படியே ஒண்ணு மேல ஒண்ணா வரிசை கட்டிட்டா, தோண்டாமலே ஒரு இடத்தோட வரலாறு கைக்கு வந்துடும்.

இங்கிலாந்து வயல்ல பழைய உழவு மேடு கண்ணாடியில பாத்த எஸ் (S) மாதிரி வளைஞ்சு போகும், எட்டு மாடு பூட்டின நீட்டு ஏர வயல் முனையில திருப்பணும்னா முன்னாடியே வளைக்க ஆரம்பிக்கணும், அந்த வளைவு அப்படியே நிலத்துல பதிஞ்சு நூத்துக்கணக்கான வருசம் நிக்குது. அதுக்கு மேல நேர்கோட்டுல ஒரு வேலி போகுதுன்னா வேலி பிறகு வந்ததுன்னு சின்னப் பையன்கூட சொல்லிடுவான். நம்ம பக்கம் நேரா போறது எல்லாம் கம்பெனி, கோணலா வளையுறது எல்லாம் ஆளுங்க கையால போட்டதுன்னு மொத்தமா ஒரு கணக்கு வச்சுக்கலாம், எப்பவும் சரியா வராது, ஆனா ஆரம்பிக்க நல்ல கணக்கு. அவசரகாலத்துல, 1948ல இருந்து 1960 வரைக்கும், லயத்த ஒண்ணு சேத்து கம்பிவேலி போட்டு அடைச்சாங்க இல்லையா, அந்த வேலியோட அடையாளம் மாட்டுப்பட்டியோட பெரிசா, மொத்த லயத்தையும் சுத்தி வரும், மரம் வளந்து முழுங்கின முள்ளுக்கம்பி எங்கயாவது நீட்டிகிட்டு இருந்தா படம் எடுங்க, இழுக்காதீங்க.

செடியும் பேசும். இங்கிலாந்துல பழைய பட்டி, பழைய வீடு இருந்த இடத்துல காஞ்சொறி மாதிரி சுணை குத்துற ஒரு செடி மண்டும், சாணியும் மூத்திரமும் விட்டுட்டுப் போன பாஸ்பேட்டு மண்ணுல அவ்வளவு காலம் இருக்குமாம். இங்க காட்டுக்குள்ள தனியா ஒரு முருங்கை, வேப்பமரம், கறிவேப்பிலை, வரிசையா ரெண்டு மூணு மா பலா நின்னா பக்கத்துலதான் லயம், லயத்துக்குக் காத்து அடிக்காத பக்கமா போங்க, பட்டிய அங்கதான் வச்சிருப்பாங்க, நாத்தம் வீட்டுக்கு வரக்கூடாது பாருங்க. பால் மரத்துக் கோப்பை உடைஞ்ச துண்டு, பீங்கான் வழவழப்போட, கண்ணுல படும். அது எங்க கெடக்குன்னு குறிச்சுக்கோங்க, பையில போட்டுட்டு வராதீங்க.

இப்ப அளவு. மேஸ்திரிகிட்ட இருக்கிற முப்பது மீட்டர் டேப்பு ரெண்டு, நைலான் கயிறு, நாலு குச்சி, காம்பஸ், கட்டம் போட்ட நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், ஈரத்துல போயிடும். பட்டிக்கு நடுவுல நேரா ஒரு கயிறு கட்டி டேப்ப அதோட விரிச்சு வைங்க, ரெண்டு நுனியிலயும் போன்ல ஜிபிஎஸ் எடுத்துக்கோங்க, மரத்தடியில அது நாலஞ்சு மீட்டரு, சில சமயம் அதுக்கும் மேல தப்பு காட்டும், அதனால ரோடு முனை, பாலம், போர்டு மாதிரி நகராத ஒண்ணுல இருந்து டேப்பாலயும் அளந்து எழுதிடுங்க. பிறகு கயிறுல ரெண்டு மீட்டருக்கு ஒரு தடவ நின்னு, அங்கிருந்து நேர் குறுக்கா இன்னொரு டேப்ப இழுத்து, வரப்போட உள்ளடி எத்தனை மீட்டர்ல, உச்சி எத்தனையில, வெளியடி எத்தனையில, பள்ளத்தோட அடி எத்தனையிலன்னு நாலு நம்பர் எழுதுங்க. ஒருத்தர் டேப்பு பிடிக்க ஒருத்தர் எழுத, பொறுமையா போனா ஒரு சின்ன பட்டி ஒரு காலையில முடிஞ்சிடும்.

ஒசரத்துக்கு வீடு கட்டுறவங்க பிடிக்கிற தண்ணி டியூப் போதும். ஒரு நுனிய தெரிஞ்ச இடத்துல வச்சுட்டு இன்னொரு நுனிய வரப்பு குறுக்கால அரை மீட்டருக்கு ஒரு தடவ நகத்தி தண்ணி மட்டத்துல இருந்து தரைக்கு எவ்வளவுன்னு எழுதினா, வரப்பக் குறுக்க வெட்டினா எப்படி இருக்குமோ அந்தக் கோடு கிடைச்சிடும். வரப்பு நல்லா இருக்கிற இடத்துல ஒண்ணு, கரைஞ்ச இடத்துல ஒண்ணு, ரெண்டு கோடு எடுங்க.

வரையுறப்ப சரிவ காட்ட ஒரு பழக்கம் இருக்கு, தொல்லியல் சர்வே பண்றவங்க நெறைய பேரு அப்படித்தான் போடுவாங்க: வால்நட்சத்திரம் மாதிரி குட்டிக் கோடு, தலை தடிச்சு மேட்டு உச்சியில, வாலு மெலிஞ்சு சரிவு எறங்குற பக்கம். செங்குத்தா இருந்தா கோட்ட நெருக்கமா போடுங்க, சாஞ்சு போனா தள்ளித் தள்ளி. வடக்கு எங்கன்னு அம்புக்குறி, அளவுகோல், தேதி, யாரு வரைஞ்சது, இது நாலும் இல்லாத படம் படமே இல்ல. இடத்துலயே நின்னு வரைஞ்சு முடிங்க லா, வீட்டுக்குப் போயி ஞாபகத்துல போட்டா மேடு பள்ளமாகும் பள்ளம் மேடாகும். போட்டோ எடுக்கறப்ப பக்கத்துல ஒரு மீட்டர் குச்சி, சிவப்பு வெள்ளையா பெயின்ட் அடிச்சு, நட்டு வைக்காம படுக்க வைங்க.

அதுக்கு அடுத்து ஆளுங்கள உக்கார வச்சு பேச விடணும். படத்தக் காட்டிட்டு "இது என்ன தாத்தா?"ன்னு மட்டும் கேளுங்க, "இது மாட்டுப்பட்டிதானே?"ன்னு நீங்களே சொன்னா ஆமாய்யான்னு தலையாட்டிடுவாங்க. யாரோட மாடு, எத்தனை மாடு, பால் எங்க போச்சு, பெரட்டுக்கு (காலையில வேலைக்கு ஆளு எண்ணுறதுக்கு) முன்னாடி கறந்தாங்களா பிறகா, யாரு கண்ணுல பட்டா பிரச்சனை, பட்டிய எப்ப விட்டாங்க. ரெண்டு பேரு ரெண்டு விதமா சொன்னா ரெண்டையும் எழுதுங்க, எது சரின்னு நீங்க தீர்ப்பு சொல்ல வேண்டாம், வரப்பு என்ன சொல்லுதோ அதோட ஒத்துப்போறது எதுன்னு மட்டும் பக்கத்துல குறிச்சு வைங்க.

கடைசில இத எங்க குடுக்கறது. தரைக்கு மேலயே பழைய செங்கல் கட்டு, செதுக்கின கல்லு, இரும்புக் கசடு, உலைக்குக் காத்து ஊதுன குழல் துண்டு மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா, நம்ம பக்கத்துல அது நடக்காத விசயம் இல்ல, தொடாம அப்படியே விட்டுட்டு ஜாபாத்தான் வாரிசான் நெகாராவுக்கோ (தேசிய பாரம்பரியத் துறைக்கோ) டிஸ்ட்ரிக் ஆபீஸுக்கோ உடனே தெரியப்படுத்தணும், ஆக்டா 645 அதத்தான் சொல்லுது. வெறும் மாட்டுப்பட்டின்னா அதுக்கு கெஜட் கிடைக்கும்னு நான் ஆசை காட்ட மாட்டேன், ஒரு இடத்த பாரம்பரிய இடமா அறிவிக்க அந்தச் சட்டத்துல வழி இருக்கு, ஆனா நிலம் மாநில விசயம், தனியார் தோட்டம்னா இன்னும் இழுக்கும். அதுக்காக சும்மா இருக்கணும்னு இல்ல. மலாய்ல ஒரு பக்க லெட்டர், கூட உங்க படம், போட்டோ, ஜிபிஎஸ் நம்பர், ஒரு காப்பி தோட்ட ஆபீஸுக்கு, ஒரு காப்பி வாரிசானுக்கு, ஒண்ணு மெர்போக்ல இருக்கிற லெம்பா பூஜாங் மியூசியத்துக்கு, ஒண்ணு தோட்டத்துக் கோயில் கமிட்டி பைல்ல. ரீபிளான்டிங் பண்றப்ப அந்த ஒரு மூலைய மட்டும் விட்டுட முடியுமா, இல்ல ஜேசிபி ஏறுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு போன் போட முடியுமான்னு தோட்டத்து லெட்டர்ல நேரா கேட்டுடுங்க, கேட்டா குடுக்கற மனேஜர் இருக்காங்க. குடுத்த இடத்துல எல்லாம் உங்க காப்பியில தேதியோட சாப்பு (முத்திரை) அடிச்சு வாங்கிட்டு வாங்க, நாளைக்கு யாராவது "எங்களுக்குத் தெரியாது"ன்னு சொன்னா அந்தத் தாளைக் காட்டலாம்.